ஜொகூர் பயணத்தின் நிறைவு நாள்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் அறக்கட்டளை அன்பர்கள் 18 பேர் மலேசியத் திருத்தலப் பயணம் சென்று வந்தோம். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் அன்புக் கட்டளை இட்டார்கள். பத்து நாட்களில் நாங்கள் கண்டவை ஏராளம். பத்துமலையின் 272 படிகளையும், 2006இல் எழுப்பப்பட்ட 140 அடி உயர முருகன் திருவுருவத்தையும், பினாங்குத் தண்ணீர்மலையையும் பற்றி எனக்கு முன் பேசிய நண்பர்கள் அழகாக எடுத்துரைத்து விட்டார்கள். ஆகவே நான் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். அது எங்கள் பயணத்தின் கடைசி நாள். ஜூலை 26, வெள்ளிக்கிழமை. ஆடி மாதத்து இரண்டாம் வெள்ளி.

இதில் என் குடும்பத்துக் குறை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சபையில் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். சொல்வதே சரி என்று முடிவு செய்து இங்கே நிற்கிறேன்.

பெட்டியில் இருந்த கடிதம்

என் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார். எங்கள் ஊர் துறையூருக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். மழை பொய்த்து, கடன் ஏறி, 1937ஆம் ஆண்டு அவர் தம் இளம் மனைவியை அழைத்துக்கொண்டு கங்காணியோடு மலாயாவுக்குப் புறப்பட்டார். மூன்று வருடத்தில் திரும்பி வந்து கடனை அடைப்பதாகச் சொல்லிப் போனாராம். திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "போனவன் எங்களை மறந்துட்டான்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். நானும் அதை நம்பியே வளர்ந்தேன்.

என் தந்தையார் காலமான பிறகு, 2022ஆம் ஆண்டு, வீட்டுப் பத்திரங்களைத் தேடும்போது தாத்தாவின் தகரப் பெட்டியின் அடியில் ஒரு கடிதம் கிடைத்தது. 1946ஆம் ஆண்டுத் தேதி. ஜொகூர் மாநிலத்தில் கூலாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. எழுத்து தோட்டத்துக் கிராணியின் எழுத்து. சொன்னவர் என் சின்னப் பாட்டி. கணவரை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட அழைத்துப் போனான், போர் முடிந்தும் அவர் திரும்பவில்லை, ஆறு வயதுப் பையனோடு தனியாக நிற்கிறேன், எங்களை எப்படியாவது ஊருக்கு அழைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

பெரியோர்களே! அந்தக் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. பிரித்துப் படிக்கப்பட்டிருக்கிறது. மடித்துப் பெட்டியின் அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. பதில் போனதாக ஒரு அடையாளமும் இல்லை. தம்பியின் பங்கு நிலத்தை அப்போது உழுது கொண்டிருந்தவர் என் தாத்தா. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மறந்தவர் அவர் இல்லை, நாங்கள்தான் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

பயணம் என்று அறிவிப்பு வந்தவுடன் நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகையும் வந்திருந்தது. கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

தேடியது கிடைத்தது

போன இடமெல்லாம் விசாரித்தேன். ஜொகூர் பாருவுக்கு வந்த அன்று எங்களுக்கு விருந்தளித்த அன்பர்களில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "அந்தத் தோட்டத்துல ரப்பர் போயி செம்பனை வந்திருச்சு. லயத்தையும் உடைச்சிட்டாங்க. ஜனங்க எல்லாம் கூலாய்ப் பக்கம் தாமான்களுக்கு வந்துட்டாங்க. கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். தாமான் என்றால் அங்கே குடியிருப்புப் பகுதி.

புறப்படும் நாளுக்கு முன்னிரவு பத்தரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "நீங்க தேடுற பையன் இருக்கார். இப்ப அவருக்கு 84 வயசு. காலையில வரச் சொல்றார்."

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் இரவு சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு எங்கள் விமானம். நடுவில் ஜொகூர் பாலத்தைக் கடந்து இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பாலத்தில் வண்டி எப்படி நிற்கும் என்று எங்கள் ஓட்டுநர் முதல் நாளே எச்சரித்திருந்தார். பயணத் தலைவரிடம் போய் நின்றேன். "மதியம் ஒன்றரை மணிக்கு இராஜமாரியம்மன் கோயில் வாசலில் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் பதினேழு பேர் உங்களுக்காகத் தவிப்பார்கள்" என்று அனுமதி தந்தார்.

மற்றவர்கள் இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போனார்கள். 1922இல் ஒரு குடிசையில் தொடங்கி, இன்று சுமார் 3,00,000 வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் உள்ளும் புறமும் மின்னுகின்ற ஆலயம் அது. அதைக் காணும் பாக்கியம் எனக்கு இம்முறை இல்லை. நான் ஆசிரியரின் காரில் கூலாய்க்குப் புறப்பட்டேன். சுமார் 30 கிலோமீட்டர். இருபுறமும் செம்பனை மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. ஒரு காலத்தில் இந்த நிலமெல்லாம் பால் மரம் என்றார் ஆசிரியர்.

கூலாயில் மூன்று மணி நேரம்

அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025 ஜனவரியில்தான் அது சனி, ஞாயிறாக மாறியது. ஆகவே வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். வாசலில் சிறு மாடத்தில் முனீஸ்வரர். உள்ளே ஆடி வெள்ளிக்குக் கூழ் காய்ச்சும் மணம்.

நாற்காலியில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் உறவு சொல்லத் தொடங்குவதற்கு முன்பே நின்றுவிட்டேன். காரணம், அவர் முகம் என் தந்தையின் முகம். அதே நெற்றி, அதே காது.

"வா தம்பி. பசியாறிட்டியா?" என்றார். காலை உணவு உண்டாயா என்பதை அங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். காலில் விழுந்து வணங்கினேன். "சித்தப்பா" என்று கூப்பிட்டேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அவர் மகள், எனக்குத் தங்கை முறை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இட்டிலியும் தேநீரும் வந்தன. மெல்ல மெல்லப் பேசினார். அவர் சொன்னதை அவர் வழியிலேயே சொல்கிறேன்.

"எங்கப்பா ஊருக்குத் திரும்பணும்னு காசு சேர்த்தாராம். பொங்கல் கழிச்சு கப்பல் ஏறலாம்னு இருந்தாங்களாம். அதுக்குள்ள ஜப்பான்காரன் வந்துட்டான்."

வரலாறு தெரிந்தவர்கள் கணக்கிட்டுக் கொள்ளலாம். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் முழுவதும் வீழ்ந்தது. அந்த வருடப் பொங்கல் அன்று ஜொகூரில் போர் நடந்து கொண்டிருந்தது. தமிழ்நாட்டுக்குக் கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. கடலே அடைபட்டுவிட்டது.

"எனக்கு மூணு வயசு இருக்கும்போது, மூணு மாச வேலைன்னு சொல்லி ஆளுங்களை லாரியில ஏத்தினான். எங்கப்பாவும் போனார். துண்டை ஆட்டினாராம். எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா சொல்லிக் கேட்டதுதான்."

சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர்ப் பாதை. 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாடுகளின் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் அதில் மாண்டார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 2,00,000 பேர். காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் சுமார் 90,000 இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெரும் பங்கு. அவர்கள் பெயரை எழுதி வைத்தவர் இல்லை. அவர்கள் நினைவாகக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்டப்பட்டதே 2023ஆம் ஆண்டில்தான்.

"சண்டை முடிஞ்சு ஆளுங்க திரும்பி வந்தாங்க. அம்மா ஒவ்வொருத்தரையும் போய்க் கேட்கும். ஒருத்தர் பார்த்தேன்னுவார். ஒருத்தர் வேற முகாம்ன்னுவார். செத்த நாளும் தெரியாது, இடமும் தெரியாது. அதனால அம்மா பூவும் பொட்டும் எடுக்கவே இல்லை. 1971ல சாகிற வரைக்கும் சுமங்கலியாவே இருந்து செத்துச்சு. நாங்க திதியும் கொடுத்ததில்லை. எந்த நாள்ல கொடுக்கிறது?"

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்.

"ஊருக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டுச்சு அம்மா. பதில் வரல. அது போய்ச் சேரலைன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லும். போய்ச் சேர்ந்திருந்தா பெரியப்பா விட்டிருக்க மாட்டார்ன்னு சொல்லும்."

சட்டைப் பையில் இருந்த உறை எனக்குக் கனத்தது. எடுக்காமல் இருந்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது, மறைக்க மாட்டேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் புறப்படப் போகிறேன். 84 வயதுப் பெரியவர். அவருடைய தாயாரின் நம்பிக்கையை ஏன் உடைக்க வேண்டும்? நல்ல உறவாகவே விடைபெற்று விமானம் ஏறி விடலாமே!

ஆனால் 1946இல் என் தாத்தாவும் ஏறக்குறைய இப்படித்தான் யோசித்திருப்பார். இப்போது வேண்டாம் என்று மடித்து வைத்திருப்பார். நானும் மடித்து வைத்தால் அவர் செய்ததையே இரண்டாம் முறை செய்தவன் ஆவேன்.

எடுத்தேன். "சித்தப்பா, கடிதம் வந்து சேர்ந்தது. எங்கள் பெட்டியில் இருந்தது" என்றேன்.

அவர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண் சரியாகத் தெரியாது. மகளிடம் கொடுத்து, "சத்தமாப் படி" என்றார். தங்கை படித்தார். தாயார் வாயால் சொல்லச் சொல்லக் கிராணி எழுதிய கடிதம் அல்லவா, பேசுகிற மாதிரியே இருக்கும். இடையிடையே, "பையன் உங்க சாயல்" என்றும், "மாடு கன்னு எப்படி" என்றும் வரும். அந்த இடம் வந்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"அம்மா குரல் கேட்டு 53 வருஷம் ஆச்சு" என்றார்.

முழுவதும் படித்து முடித்த பிறகு என்னைக் கேட்டார்: "பெரியப்பா எப்படிப்பட்டவர்?"

நான் உண்மையைச் சொன்னேன். கோயில் காரியங்களில் முன் நிற்பவர், அன்னதானத்துக்கு நெல் அளந்தவர், பேரப் பிள்ளைகளிடம் உயிராக இருந்தவர். பிறகு எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஆடி அமாவாசை தோறும் திருவரங்கம் அம்மா மண்டபத்தில் தர்ப்பணம் செய்யும்போது, எல்லாப் பெயரும் முடிந்த பின் ஒரு கை நீர் கூடுதலாக விடுவார். பெயர் சொல்ல மாட்டார். சிறுவனான நான் யாருக்கென்று கேட்டு வசவு வாங்கியிருக்கிறேன். அதையும் சொன்னேன்.

"அப்ப அவருக்கு உறுத்தியிருக்கு" என்றார் சித்தப்பா. சற்றுப் பொறுத்து, "கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன் தம்பி. அம்மா பட்ட பாடு நான் கண்ணால பார்த்தது. ஆனா நீ மறைக்காம கொண்டு வந்தே. அது போதும்" என்றார்.

ஊருக்கு வாருங்கள் சித்தப்பா, உங்கள் பங்கு உங்களுக்கு உண்டு என்றேன். சிரித்துவிட்டார். "நான் பொறந்தது, பால் வெட்டினது, பிள்ளைங்களைப் படிக்க வச்சது எல்லாம் இந்த மண்ணு. இதுதான் என் ஊரு. அங்கே எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். எங்கப்பா பேரைச் சொல்லி ஒரு கை தண்ணி விடு."

புறப்படும் நேரம் சித்தி உள்ளேயிருந்து ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜப்பான் காலத்தில் மரவள்ளிக் கிழங்குக்காக வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக விற்ற சின்னப் பாட்டி, அது ஒன்றை மட்டும் விற்கவில்லையாம். அடியில் புள்ளிப் புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது. என் கொள்ளுத்தாத்தாவின் பெயர். எங்கள் வீட்டு அண்டாவில் இருக்கும் அதே எழுத்து.

கடிதத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். அது அவர்களுக்கு உரியது. செம்பை நான் வாங்கிக்கொண்டேன்.

ஜொகூர் பாருவில் சிறிது நேரம்

ஒன்றரை மணிக்கு ஐந்து நிமிடம் முன்பாகக் கோயில் வாசலை அடைந்தேன். ஜொகூர் பாரு இராஜமாரியம்மன் ஆலயம் 1911ஆம் ஆண்டில் தோன்றியது. ஆடி வெள்ளிக் கூட்டம் அலைமோதியது. அந்தச் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு அம்பாளைத் தரிசித்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே நினைவில்லை.

அங்கே நின்றபோது நண்பர் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். பத்தமடை தந்த சுவாமி சிவானந்தர், துறவு பூணுவதற்கு முன், டாக்டர் குப்புசாமியாக 1913இல் மலாயா வந்தவர். சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையில் சில ஆண்டுகள், பின்பு 1920 முதல் இதே ஜொகூர் பாருவில் மருத்துவப் பணி. ஏழைத் தொழிலாளர்களிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். 1923இல் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறினார். பழைய வாழ்க்கைக்குத் திரும்பாமல் வடநாட்டு யாத்திரை சென்று, 1924இல் ரிஷிகேசத்தை அடைந்து சந்நியாசம் பெற்றார். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார்.

எண்ணிப் பார்த்தேன். திரும்பிச் செல்ல வழி இருந்தும் வீட்டைத் துறந்தவர் ஒரு மகான். வீட்டை நினைத்தே இருந்தும் திரும்ப வழியில்லாமல் போனவர் என் சின்னத் தாத்தா. இருவரும் இந்த மண்ணில் நடந்தவர்கள். நாங்களோ பத்து நாள் சுற்றிவிட்டு ஒரே இரவில் வீட்டுக்குப் போகிறோம். எதைத் துறந்தோம், எதற்காகக் காத்திருந்தோம்?

பாலத்தைக் கடந்து

மூன்றரை மணிக்கு வேன் புறப்பட்டது. ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல், 1,056 மீட்டர். 1924 ஜூன் 28 அன்று முறையாகத் திறக்கப்பட்டது. நாங்கள் கடந்தது அதன் நூற்றாண்டு நிறைந்த மறு மாதம். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை இதை வெடிவைத்துத் துண்டித்துக்கொண்டு சிங்கப்பூருக்குள் போனது என்பதும் வரலாறு.

அந்த ஒரு கிலோமீட்டரையும் இரண்டு சோதனைச் சாவடிகளையும் கடக்க எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. எங்கள் அம்மையார் ஒருவர் விமானம் போய்விடுமோ என்று கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். வேலை முடிந்து வருபவர்களும் போகிறவர்களுமாக மோட்டார் சைக்கிள்கள் தேனீக்கூட்டம் போல் பறந்தன. வண்டி நின்ற இடத்திலிருந்து நீரிணை தெரிந்தது. 1937இல் சின்னத் தாத்தாவைப் போல் கப்பலில் வந்தவர்களைச் சிங்கப்பூருக்கு அருகே செயின்ட் ஜான்ஸ் தீவில் தொற்றுநோய்ச் சோதனைக்காகத் தங்க வைத்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்புவது வழக்கம். அவர் இதே பாலத்தின் மேல்தான் வடக்கே போயிருக்க வேண்டும். அவர் போன வழியில் நான் எதிர்த்திசையில் வந்து கொண்டிருந்தேன்.

சாங்கி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையின்போது செம்பு கருவியில் தெரிந்தது. பையைத் திறக்கச் சொன்னார்கள். இளம் அதிகாரி ஒருவர், பார்த்தால் சீனப் பெண், செம்பைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் உள்ள எழுத்தைத் தடவி, என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் குடும்பப் பெயர், 87 வருடம் கழித்து வீட்டுக்குப் போகிறது என்றேன். அவர் இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

வானில் நான்கு மணி நேரம்

விமானம் எழும்பியதும் கீழே கப்பல்களின் விளக்குகள் தெரிந்தன. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம் அந்தக் கடலில் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் படுத்து வந்தார்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் 1973 வரை ஓடியது. அதன் பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழிப் பயணமே முடிந்துவிட்டது. இப்போது சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேரம். ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம், அவ்வளவுதான்.

என் பக்கத்து இருக்கையில் பெரம்பலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர். இரண்டு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு முதன்முறையாக ஊருக்குப் போகிறார். பிறந்து இன்னும் முகம் காணாத மகளுக்குக் கொலுசு வாங்கி வைத்திருந்தார். கைப்பேசியில் குழந்தை படத்தைக் காட்டினார். நான் அவரிடம் செம்பைக் காட்டினேன். கதையைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுலயும் ஒருத்தர் அப்படிப் போயிருக்காருன்னு சொல்லுவாங்க அய்யா. பேருதான் தெரியாது" என்றார். அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது.

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்தோம். திருச்சியில் அந்த வருடம் ஜூன் மாதம் இயங்கத் தொடங்கிய புதிய முனையத்தில் இறங்கினோம். அந்த இளைஞர் ஓடியே போனார். வெளியே அவர் குடும்பம் காத்திருந்தது. குழந்தை அவரைக் கண்டு அழுதது. எல்லாரும் சிரித்தார்கள். வீடு திரும்புதல் என்றால் அது.

அம்மா மண்டபத்தில்

ஆகஸ்டு 4, ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை. ஜூலை 30 அன்று மேட்டூர் அணை 120 அடி நிரம்பியிருந்தது. காவிரி கரை தொட்டு ஓடினாள். நானும் என் தம்பியும் செம்பில் நீர் எடுத்து உட்கார்ந்தோம். மரபுப்படி முன்னோர் பெயர்களைச் சொன்னோம். தாத்தா பெயரையும் சொன்னோம். அவர் பெயர் சொல்லாமல் விட்டு வந்த அந்தக் கடைசிக் கை நீரை, நாங்கள் சின்னத் தாத்தாவின் பெயரையும், அடுத்துச் சின்னப் பாட்டியின் பெயரையும் உரக்கச் சொல்லி விட்டோம்.

கைப்பேசியில் சித்தப்பாவுக்குக் காவிரியைக் காட்டினோம். அங்கே காலை பத்து மணி. அவர் கைகூப்பியபடி, "எவ்வளவு தண்ணி!" என்றார். பிறகு, "எங்கம்மா இதைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கும்" என்றார்.

ஒரு வேண்டுகோள்

அன்பர்களே! திருத்தலப் பயணத்தின் பலன் எது என்று கேட்டால், நான் தரிசித்த ஆலயங்கள் ஒரு பங்கு, கூலாயில் அந்த மூன்று மணி நேரம் ஒரு பங்கு என்பேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. 78 வருடம் தாமதமாக ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், அவ்வளவே. பங்கு நிலம் பற்றியும் பேசி வருகிறோம். சித்தப்பா வேண்டாம் என்றாலும், அவர் பேரப் பிள்ளைகளில் ஒருவர் பெயருக்கு ஒரு முழம் மண்ணாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்தச் சபையில் இருக்கும் குடும்பங்களில் பலவற்றிலிருந்து மலாயாவுக்கும், பர்மாவுக்கும், இலங்கைக்கும் யாராவது போயிருப்பார்கள். அவர்கள் நம்மை மறந்தார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இன்று வீட்டுக்குப் போனதும் பெரியவர்களிடம் அவர்கள் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். பழைய பெட்டிகளின் அடியைப் பாருங்கள். பெயர் கிடைத்தால் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு ஏட்டில் பதிவு செய்யலாம். ஆடி அமாவாசை தோறும் அந்த ஏட்டைப் படிக்கலாம். தலைவர் அவர்கள் இதற்கு இசைவு தருவார்கள் என்று நம்புகிறேன். கடிதம் ஏதும் கிடைத்தால், தயவு செய்து மடித்து வைக்காதீர்கள்.